குக்கருக்குள் புளியங்கட்டை

வடக்கனந்தல்
ஜனவரி 5, ஞாயிறு

அன்புள்ள ஜெயசுதாவுக்கு,

வீட்டில் மூன்று பேரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போட்டுக்கொள்கிறோம். அதாவது சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். வெள்ளிக்கிழமை நீதானே சொன்னாய், "போன்ல கத்தாதீங்க, சொல்ல வேண்டியத எழுதி அனுப்புங்க, டூட்டி முடிஞ்சி நிதானமா படிக்கிறேன்" என்று. சொல்லிவிட்டு வைத்தும் விட்டாய். சரி, எழுதுகிறேன். பட்டறையில் அளவு குறிக்கிற நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மணலூர்பேட்டைக்காரர் அன்புச்செல்வன் மேல் ஒரு கோபமும் இல்லை. உன் ஆஸ்பத்திரியில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறார், நம்ம பக்கத்துக்காரர், உன்னைத் தங்கச்சி என்கிறார், நீயும் அண்ணன் என்கிறாய். நல்லது, இருக்கட்டும். ஆனால் அவர் மரத்தில் ஒரு பேனா செய்து கொடுத்தார் என்று அதைப் போட்டோ பிடித்து அனுப்பி, கீழே "எவ்ளோ அழகு பாருங்க" என்று போட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பதினெட்டு வருஷமாக நான் கடைசல் மிஷின் முன்னால் நிற்கிறேன். கட்டில் கால், பூரிக்கட்டை, மாடிப்படிக் கைப்பிடி என்று கள்ளக்குறிச்சியில் அரங்கநாதன் முதலாளி பட்டறையிலிருந்து வெளியே போகிற உருப்படியில் பாதி என் கை வேலை. நம் வீட்டுக் கட்டிலின் நாலு காலும் நான் கடைந்தது. அதைப் பார்த்து ஒரு நாளாவது அழகு என்று சொல்லியிருக்கிறாயா? கல்யாணமான புதிதில் நானே ஆசையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். "நடக்கும்போது கால்ல இடிக்குது" என்றாய். நான் மறக்கவில்லை.

அந்தப் பேனாவை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். எத்தனை தடவை என்று கேட்காதே. அது உளுத்த கட்டை சுதா. அடுப்புக்குப் போடுகிற கட்டை. அதை மிஷினில் மாட்டி உளியை வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்து மூக்கில் ஏறும். இந்த மனுஷன் மட்டும் எப்படி வழவழவென்று கடைந்தார் என்று இரண்டு நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. கடைசியில் யூடியூபில் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். கட்டையை ஒட்டக் காயவைத்து, ரெசின் என்கிற திரவத்தில் முக்கி, மூடின பாத்திரத்திலிருந்து காற்றை பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். மரத்துக்குள் இருக்கிற காற்று குமிழ் குமிழாக வெளியே வந்துவிடும். அப்புறம் பாத்திரத்துக்குள் காற்றைத் திரும்ப விட்டால், காலியான இடத்தில் எல்லாம் ரெசின் போய்ப் புகுந்துகொள்ளும். பிறகு ஓவனில் சுட்டால் உள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் உன் அண்ணனுக்கு இவ்வளவு பெரிய பேர்.

நானும் செய்யப்போகிறேன். பார்க்கலாம் யார் பேனா அழகு என்று. சாமான் சேர்ந்துவிட்டது. கச்சிராயபாளையத்தில் பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிற இருசப்பன் இருக்கிறானே, மலைமேல் கரியாலூர்க்காரன், நம் பிரிட்ஜுக்கு கேஸ் அடித்தவன், அவன் ஒரு பழைய வேக்கம் பம்ப் கொடுத்தான். எதற்கு என்று கேட்டான், சொன்னேன். "இன்னாண்ணா நீ, அண்ணிக்கு பேனா வோணும்னா கடைல வாங்கி குடுப்பியா, கட்டைய ஊற வெச்சிகினு குந்தினு இருப்பியா" என்று சிரித்தான். சிரித்தாலும் நல்லவன். அவன் நிலத்தில் புயலில் சாய்ந்த புளியமரம் ஒன்று இரண்டு மழைக்காலமாகக் கிடக்கிறதாம். அதில் ஒரு துண்டை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து போட்டான். அறுத்துப் பார்த்தேன். வெளுத்த மரத்துக்குள் கறுப்புக் கறுப்பாய்க் கோடு, குழந்தை கிறுக்கின மாதிரி. உன் அண்ணன் கட்டையில் இந்த மாதிரிக் கோடு கிடையாது.

பாத்திரத்துக்கு அம்மாவின் பழைய குக்கரை எடுத்துக்கொண்டேன். மேலே மூடியாகக் கண்ணாடி மாதிரித் தெரிகிற தடித்த அக்ரிலிக் பலகை, அதில் பம்ப் குழாய்க்கு ஓட்டை. சூட்டுக்கு நீ கேக் செய்ய வாங்கி வைத்த ஓவன். அம்மாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "மருமவ கேக்கு சுட வாங்கி வெச்சத இவன் வெறகு சுட எடுத்துகினான்" என்று எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நறுக்கின கட்டைகள் இப்போது மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கின்றன.

தர்ஷினிக்கு மேல் பல் ஒன்று விழுந்துவிட்டது. கூரையில் போடு என்றால் கேட்கவில்லை. மே மாதம் அம்மா வந்ததும் காட்டிவிட்டுத்தான் போடுவாளாம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இருக்கிற வைராக்கியத்தைப் பார். மே பதினெட்டோடு உனக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. காலண்டரில் அந்தத் தேதிக்கு அவள் போட்ட வட்டம் அக்கம்பக்கத்துத் தேதியையும் சேர்த்து வளைத்துவிட்டது. டிக்கெட் எப்போது போடுவாய் என்று எழுது. பதிலை அந்தப் பேனாவில் எழுத வேண்டாம். ஆஸ்பத்திரியில் வேறு பேனா இருக்கும்.

இப்படிக்கு,
கட்டில் கால் கடைகிற உன் வீட்டுக்காரன்
ஜெயப்பிரகாஷ்

~

வடக்கனந்தல்
ஜனவரி 26, ஞாயிறு

சுதாவுக்கு,

உன் பதில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. அதிலும் முக்கால்வாசி கிண்டல். "கட்டை மேலயா பொறாம உங்களுக்கு" என்று கேட்டிருக்கிறாய். கட்டை மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? கடைந்தவன் மேல்தான். இதை இப்படி உடைத்து எழுதும்படி ஆக்கிவிட்டாயே.

பொங்கல் நன்றாக முடிந்தது. அம்மா பானையில் மஞ்சள் கட்டி, உன் பேரையும் சொல்லிப் படைத்தார். தர்ஷினி உனக்காக ஒரு துண்டு கரும்பை பிரிட்ஜில் வைத்தாள். அது இப்போது கறுத்துப் போயிருக்கிறது, எடுத்துப் போட விட மாட்டேன் என்கிறாள்.

இனி என் கட்டை விவகாரம். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். பதினைந்து நாள் வெயிலில் போட்ட கட்டையை குக்கரில் ரெசினில் முக்கி பம்பைப் போட்டேன். அடடா, குமிழ் என்றால் குமிழ்! சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்குகிறது. காலையில் போட்டது, சாயங்காலம் வரைக்கும் நிற்கவில்லை. நல்லா இழுக்கிறது என்று சந்தோஷம் எனக்கு. தர்ஷினியை முக்காலி போட்டு உட்கார வைத்து வேடிக்கை காட்டினேன். சுட்டு எடுத்து அறுத்துப் பார்த்தால் மேல் தோலில் மட்டும் பளபளப்பு, உள்ளே அதே மாவு. மரத்துக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது. மார்கழிப் பனியில் மாடியில் போட்டால் எப்படிக் காயும்? பகலில் காய்ந்ததை எல்லாம் விடிகாலைப் பனியில் திரும்பக் குடித்திருக்கிறது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டில் காலுக்கு அந்தக் காய்ச்சல் போதும், அதனால் தோன்றவில்லை.

சரி என்று அடுத்த கட்டைகளை ஓவனில் வைத்து ஒரு நாள் முழுக்க வாட்டினேன். மணிக்கு ஒரு தரம் எடுத்து சமையல் தராசில் நிறுத்தேன். எடை குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. இனி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் சுடச்சுட எடுத்து ரெசினில் போட்டேன். பத்துக் கட்டையும் ஒரே நேரத்தில்.

ஏன் சுடச்சுடப் போட்டேன் என்று கேள். எங்கள் தொழிலில் அரக்கு ஏற்றும்போது சுற்றுகிற மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்திப் பிடிப்போம். உரசுகிற சூட்டில் அது உருகி மரத்தில் இறங்கும். "சூடு ஏறினாதான்டா மரம் குடிக்கும்" என்று முதலாளி முதல் நாளே சொன்னது. பதினெட்டு வருஷமாக அது என் கையில் ஊறியிருக்கிறது. ஆனால் இந்த ரெசின் சூடு பட்டால் இறுகுகிற சாமான் அல்லவா! அது எனக்கு அந்த நேரத்தில் புத்தியில் ஏறவே இல்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் குக்கர் கொதிக்கிறது, புகைகிறது, களி மாதிரி ஆகிறது. நுரை பம்ப் குழாய்க்குள் ஏறிவிட்டது. இருசப்பன் வந்து பம்பைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தான். குக்கரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்துக் கட்டையும் நட்டது நட்டபடி உள்ளேயே கல்லாகிவிட்டது. சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், கொல்லைப் பக்கம் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினதும் மிச்ச ரெசினை பிரிட்ஜில் வைத்ததற்காகத்தான். தோசை மாவெல்லாம் பெயிண்ட் கடை மாதிரி நாறுகிறதாம். கொஞ்சம் நாறத்தான் செய்தது.

"பேசாம அன்பு அண்ணங்கிட்டயே கேளுங்களேன், பொறுமையா சொல்லித் தருவாரு" என்று எழுதி நம்பரும் கொடுத்திருக்கிறாய். ஜெயசுதா, கோமுகி அணையில் போய்க் குதித்தாலும் குதிப்பேன், அந்த ஆளுக்கு போன் போட மாட்டேன். பொறுமையாகச் சொல்லித் தருவார் என்று உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு என்ன சொல்லித் தந்தார்? எதற்கெடுத்தாலும் அன்பு அண்ணன். போன வாரம் தர்ஷினியிடம் ஐந்து நிமிஷம் பேசினாயே, அதில் நாலு தடவை அந்தப் பேர் வந்தது. எண்ணினேன். ஆமாம், எண்ணினேன்.

டிக்கெட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய், "பார்க்கலாம்" என்று. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்பார்களே, அந்த மாதிரி இருக்கிறது. லீவு கொடுக்கத் தகராறு செய்கிறார்களா? இல்லை, அங்கேயே பிடித்துப் போய்விட்டதா? நேராகச் சொல்.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நீ சொன்ன மாத்திரையைத்தான் தொடர்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெயப்பிரகாஷ்

~

வடக்கனந்தல்
பிப்ரவரி 16, ஞாயிறு

அன்புள்ள சுதாவுக்கு,

கோமுகி அணையில் குதிக்கவில்லை. போன் போட்டுவிட்டேன். சிரிக்காதே.

எல்லாம் தர்ஷினியால் வந்தது. "உங்களுக்கு தெரிலன்னா மிஸ்ஸ கேக்கணும்ல, எங்க மிஸ் அப்டிதான் சொல்லுவாங்க" என்றாள். அன்புச்செல்வனை மிஸ் என்று நினைத்துக்கொண்டு பேசிவிடலாம் என்று போட்டேன். எடுத்தவுடன் "சொல்லுங்க மாப்ள" என்றார். இப்படி ஒரு ஆளை எப்படித் திட்டுவது? நாற்பது நிமிஷம் பேசினார். நானும் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டுமே என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் சொன்னது இதுதான். ஓவனிலிருந்து எடுத்த கட்டையை ஜிப் வைத்த கவரில் போட்டு மூடி, கை வைத்தால் குளிர்ந்திருக்கிற வரைக்கும் ஆறவிட வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். ரெசினில் கட்டை மிதக்கும், மேலே பாரம் வைத்து அமுக்க வேண்டும். குமிழ் அடங்குகிற வரைக்கும் பம்ப் ஓட வேண்டும், அவசரமே கூடாது. அடங்கினதும் காற்றைத் திரும்ப விட்டு, பம்ப் ஓடின நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் அப்படியே ஊறவிட வேண்டும். பம்ப் நிற்கிறபோதுதான் மரம் குடிக்கவே ஆரம்பிக்குமாம். நான் இவ்வளவு நாளும் பம்ப் ஓடும்போதுதான் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அலுமினியத் தாளில் சுற்றிச் சுட வேண்டும்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னார். கட்டை சுட்ட ஓவனில் இனிமேல் சாப்பாட்டுச் சாமான் வைக்கவே கூடாதாம். ரெசினையும் சாப்பிடுகிற பொருளோடு பிரிட்ஜில் வைக்கக் கூடாதாம். ஆகையால் சுதா, உன் ஓவன் போய்விட்டது. அதை மாடி அறைக்கு, ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டேன். பதினோராம் தேதி தர்ஷினி பிறந்தநாளுக்கு பேக்கரியில்தான் கேக் வாங்கினோம். "அம்மா செய்ற கேக்குல முந்திரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே முழுசையும் சாப்பிட்டாள். நீ திட்ட வேண்டியதைத் திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் கட்டை வந்துவிட்டது! புதுக் குக்கர், குளிர்ந்த கட்டை, ஒரு பகல் பம்ப், இரண்டு நாள் ஊறல். சுட்டு ஆறவைத்து நிறுத்தேன், முன்பிருந்த எடையைப்போல இரண்டு பங்கு. பட்டறைக்கு எடுத்துப் போய், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் மிஷினில் மாட்டினேன். உளியை வைத்தால் சுருள் சுருளாக வருகிறது சுதா! போன மாதம் விரலில் மாவாய் ஒட்டின அதே புளியங்கட்டை. கறுப்புக் கோடெல்லாம் மேலே எழுந்து நின்றது. பேனாவுக்கு வேண்டிய குழாய், கிளிப் எல்லாம் ஆன்லைனில் வரவழைத்திருந்தேன், மாட்டினேன். முதலாளி பார்த்துவிட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையும் பாராட்டாத ஆள். தன் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போகவே பார்த்தார். "அது என் வூட்டுக்காரிக்குங்க" என்று பிடுங்கிக்கொண்டேன்.

போட்டோ அனுப்ப மாட்டேன். போட்டோவில் பார்த்து அழகு என்று சொல்வது உனக்கு லேசாகப் போய்விட்டது. மே மாதம் வா, கையில் வாங்கு, வெளிச்சத்தில் திருப்பிப் பார், அப்புறம் வாயைத் திறந்து சொல். அதுவரைக்கும் பீரோவில் உன் பட்டுப்புடவைக்கு நடுவில் இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் உறுத்துகிறது. பேச்சுவாக்கில் அவர் சொன்னார், "தங்கச்சி இப்பல்லாம் டீக்கு சக்கர போடறதில்ல மாப்ள" என்று. நம் வீட்டில் மூன்று ஸ்பூன் போடுகிறவள் நீ. எப்போது விட்டாய்? ஏன் விட்டாய்? சுகர் ஏதும் பார்த்தார்களா? உன் டீயில் சர்க்கரை இல்லை என்று எனக்கு ஒரு மணலூர்பேட்டைக்காரர் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் உனக்கு யார், அவர் யார்? கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் மெதுவாக எழுதுகிறேன்.

மார்ச்சில் லீவில் வருகிறாராம். நம் வீட்டுக்கும் வருவதாகச் சொன்னார். வரட்டும். என் பேனாவை அவர் கையில் கொடுத்து அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதுபோதும் எனக்கு.

டிக்கெட் போட்டுவிட்டாயா? இந்தத் தடவையாவது தேதியைச் சொல். சென்னை ஏர்போர்ட்டுக்கு கார் பேச வேண்டும், தர்ஷினி ஜன்னல் சீட்டுக்கு இப்போதே துண்டு போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உன் ஓவனைக் கெடுத்த
ஜெயப்பிரகாஷ்

~

வடக்கனந்தல்
மார்ச் 16, ஞாயிறு

சுதா,

இன்று மதியம் அன்புச்செல்வன் வந்துவிட்டுப் போனார். அவர் வீட்டம்மா, இரண்டு பையன்கள் எல்லோரும் வந்தார்கள். நீ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம், அம்மாவுக்குத் தைலம், தர்ஷினிக்கு ஷூ எல்லாம் வந்து சேர்ந்தது. ஷூ அளவு சரியாக இருக்கிறது. கழற்றாமலே தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

இத்தனை நாளும் நான் அவரை உயரமாக, மீசையெல்லாம் வைத்து மனசில் நிறுத்தியிருந்தேன். வந்தவர் என் தோளுக்குத்தான் இருக்கிறார். வழுக்கை. வாசலில் செருப்பை விட்டதும் "கல்லான குக்கர் எங்க மாப்ள" என்றுதான் கேட்டார். கொல்லையில் குந்திக்கொண்டு அதைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "இவுரு லீவுக்கு வந்தாலும் கட்டையதான் கொஞ்சிகினு கெடப்பாரு" என்று அவர் வீட்டம்மா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. எனக்கே வெட்கமாகிவிட்டது. இந்த மனுஷன் மேலா இத்தனை நாள் வெந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பீரோவிலிருந்து பேனாவை எடுத்து வந்து கொடுத்தேன். வாசலுக்குப் போய் வெயிலில் திருப்பிப் பார்த்தார். கறுப்புக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். அப்புறம், "மாப்ள, நான் செஞ்சதெல்லாம் வெளாட்டு. இது தொழில்காரன் கை" என்றார். நான் எதற்காக இரண்டரை மாதம் அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு பேச்சு நின்றிருக்கலாம்.

"குடுங்க மாப்ள, இருபத்தெட்டாம் தேதி நான் போறப்ப எடுத்துகினு போயி தங்கச்சிகிட்ட குடுத்துடறேன்" என்றார். வேண்டாம், மே மாதம் சுதா வரும்போது நானே கையில் கொடுக்கிறேன் என்றேன். அவர் சாதாரணமாக, "மே மாசமா? டிசம்பர்லதான லீவு வரும்? அதான் இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து போட்டுடுச்சே" என்றார்.

சொல்லி முடிக்கும் முன்னாலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டார். அவர் முகம் செத்துப்போய்விட்டது. பாவம், நல்ல மனுஷன். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஆமா ஆமா, சொல்லிச்சி. நான்தான் பழைய நெனப்புல மேன்னு சொல்லிட்டேன்" என்றேன். கட்டின புருஷனுக்கே சொல்லவில்லை என்று ஊரார் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படிச் சொன்ன பிறகு பேனாவை வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லையே. கொடுத்துவிட்டேன். தாளில் சுற்றி அவர் பையில் வைத்துக்கொண்டார். உன் கையில் அதை வைத்து, நீ பார்க்கிறதைப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

அவர் அத்தோடு விடவில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பி, ஆறுதலாக நாலு வார்த்தை பேசினார். பாப்பா படிப்புக்காகத்தான் போட்டது, மனசே இல்லை, பொங்கலுக்கு முந்தின வாரம் இரண்டு நாள் அழுதுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டது, டீ கேன்டீனில் உட்கார்ந்து அழுதது, என் வீட்டம்மாவிடம் போன் போட்டுக் கொடுத்துப் பேசச் சொன்னேன் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன்.

பேனாவுக்காக நான் பட்ட பொறாமையெல்லாம் விளையாட்டு சுதா. அது வயிற்றெரிச்சல், சோடா குடித்தால் போய்விடும். இதுதான் பொறாமை. நீ அழுதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கேன்டீனில் டீ ஆற்றினவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அந்த வாரம் நான் மொட்டை மாடியில் கட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு போனைக் கையில் எடுத்தேன். கத்துவதற்குத்தான். அப்புறம் கீழே வைத்துவிட்டேன். நீ அனுப்பிய பதில் மூன்றையும் எடுத்துப் படித்தேன். "பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு நீ கையெழுத்துப் போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. சொல்ல வந்து சொல்லாமல் விட்டிருக்கிறாய். ஏன் சொல்லவில்லை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் எழுதின கடிதங்களின் போட்டோ என் போனிலேயே இருக்கிறது, அதையும் படித்தேன். பேனா, அன்புச்செல்வன், குக்கர், டிக்கெட். டிக்கெட் எப்போது என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம்புகிறேன் என்று எழுதினேன், பார்த்துக்கொள் என்று எழுதினேன். கேள்வியாக ஒன்றும் இல்லை. டீயைப் பற்றிக் கேட்டதுகூட உன் உடம்புக்காகப் பாதிதான், அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்காகப் பாதி. இப்படிப்பட்டவனிடம் இன்னும் இரண்டு வருஷம் என்று எந்த வாயால் சொல்வாய்? கத்துவான் என்று தெரியும். கத்தியும் இருப்பேன்.

எனக்கு இதில் சம்மதம் இல்லை. அதை மறைக்க மாட்டேன். பிள்ளையை எப்படியாவது படிக்க வைத்துவிடலாம், வந்துவிடு என்றுதான் சொல்வேன். நீ அதற்கு ஒரு பதில் வைத்திருப்பாய், அதுவும் சரியாகத்தான் இருக்கும். பேசுவோம். கையெழுத்தை மாற்ற முடியுமோ முடியாதோ, எனக்குத் தெரியாது. அம்மாவிடமும் தர்ஷினியிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. அதற்கு முன்னால் என்னிடம் சொல்ல வேண்டியது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு வரவில்லை என்று வைத்துக்கொள். அன்புச்செல்வன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நல்லபடியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நாளைக்குச் சாயங்காலம் டூட்டி முடிந்ததும் போன் போடு. தர்ஷினியை எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விட்டுவிட்டு மாடியில் நான் தனியாக இருப்பேன். நீயாக, உன் வாயால், ஆரம்பத்திலிருந்து சொல். அழுகை வந்தால் அழு, வைத்துவிடாதே.

எனக்கு எதுவும் தெரியாது. முதல் தடவையாகக் கேட்கிற மாதிரியே கேட்டுக்கொள்கிறேன்.

நல்லா இரும்மா.

ஜெயப்பிரகாஷ்